அக்கா சொல்லாமல் வாங்கிய பிக்கப்

ஒருநாள் வேலை முடிந்து வந்து பின்கதவைத் திறந்தேன். தோட்டம் முழுக்க வெளிச்சமாக இருந்தது. என்ன மாறியிருக்கிறது என்று சட்டென்று பிடிபடவில்லை. பிறகுதான் கண்டேன், பக்கத்து வீட்டு வேலியோரம் நின்று எங்கள் பக்கமும் கிளை பரப்பியிருந்த செரி மரத்தைக் காணவில்லை. வேலிக்கு அப்பால் அந்த வீட்டு அக்கா மரத்தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"வேர் தண்ணிக் கானை உடைச்சிட்டுது. உங்கட அத்திவாரத்துக்கும் வரப் பாக்குது," என்றார், நிமிராமலே.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தால் பூத்து முடியட்டும் எண்டிருப்பாய். பூத்து முடிய, இலை கொட்டட்டும் எண்டிருப்பாய்."

உண்மைதான், அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் சில நாட்கள் நான் அவருடன் கதைக்கவில்லை. அதற்குள் அவர் ஆள் பிடித்து, தன் பக்கத்துக் கானோடு எங்கள் பக்கத்துக் கானையும் திருத்திவிட்டிருந்தார். அதையும் சொல்லவில்லை. மழை பெய்து தண்ணீர் தேங்காமல் ஓடியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

லண்டன் வால்தம்ஸ்டோவில் நானும் கணவரும் குடியிருந்த வருடங்களில் எனக்கு மிக நெருங்கிய மனுஷி அந்த அக்காதான். நெருக்கம் என்றால் மனம் விட்டுப் பேசுகிற நெருக்கம் இல்லை. அவர் எதையும் முன்கூட்டிச் சொல்லமாட்டார். செய்துவிட்டு நிற்பார். கேட்டால் ஒரே பதில்தான்: "சொல்லிக்கொண்டு செய்ய வெளிக்கிட்டால் ஒண்டும் செய்து முடிக்கேலாது."

அக்கா இளவயதில் தமையனோடு ஜேர்மனிக்கு வந்தவர். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, மொழி படித்து, வாகனம் ஓடவும் பழகியிருந்தார். கலியாணம் பேசி லண்டனுக்கு வந்த பிறகு அண்ணை, அதாவது அவருடைய கணவர், அவரை ஓட விடவில்லை. "அங்க ரோட்டின்ர மற்றப் பக்கத்தால ஓடினனீர். இஞ்ச உமக்குச் சரிவராது" என்று அவர் சொன்னதாகவும், அக்கா அதற்கு மறுமொழி சொல்லாமல் விட்டதாகவும் அண்ணையே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அண்ணைக்கு ஒரு பழைய எஸ்.யூ.வி. இருந்தது. எங்கள் ஆட்களின் வழக்கப்படி அதை ஜீப் என்றுதான் சொல்வோம். கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டி என்று மண்டபங்களில் நடக்கிற காரியங்களுக்குக் கதிரை, மேசை, பெரிய சமையல் கிடாரங்கள் எல்லாம் வாடகைக்கு விடுவதுதான் அவர்களுடைய தொழில். சாமான்களை டிரெய்லரில் ஏற்றி ஜீப்பில் கொழுவிக்கொண்டு அண்ணை லண்டன் முழுவதும் திரிவார். பிள்ளைகள் இல்லை. அந்த ஜீப்பை அவர் கழுவுவதைப் பார்த்தால் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் இருக்கும்.

பிறகு சீனி வியாதி அவருடைய கண்ணைப் பிடித்தது. முதலில் எழுத்து மங்கியது, பிறகு முகங்கள். கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், சொல்லிவைத்த டாக்ஸி வரவில்லை. அண்ணை வாசலில் நின்று போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போய் ஜீப்பின் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து, ஓடுகிற பக்கம் ஏறி இருந்து, "ஏறுங்கோ" என்றார். அதற்கு முந்திய மாதங்களில் துப்புரவு வேலைக்கென்று அவர் போய்வந்ததில் பாதி, வாகனம் ஓடப் பழகப் போனது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரு முனை மட்டும் அண்ணையின் சத்தம் கேட்டது. "மெல்ல! மெல்ல! விசரே உமக்கு!"

ஆனால் அக்காவுக்கு அந்த ஜீப் கடைசிவரை பழகவில்லை. கியர் மாற்றப் போனால் பழக்கத்தில் வலக்கைதான் முதலில் எழும்பும், கதவில் போய் முட்டும். டிரெய்லரோடு அதை ஓட அவருக்கு நெஞ்சிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். தொழில் மெல்லப் படுத்தது.

அண்ணை ஜீப்பை விடவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் தேத்தண்ணிப் போத்தலோடு வெளியே வருவார். தடவிக் கதவைத் திறந்து, ஓடுகிற இருக்கையில் இருந்து, தமிழ் வானொலியைப் போடுவார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தாய்மார் வணக்கம் சொல்வார்கள். அந்த நேரம் மட்டும் அவர் பழைய ஆள்.

பழைய டீசல் வாகனங்களுக்கு நாள் கட்டணம் என்ற சட்டம் எங்கள் பகுதிக்கும் வந்தது. அடி இரும்பில் கறள் பிடித்துவிட்டது, அடுத்த வருடாந்தச் சோதனையில் தேறாது என்று மெக்கானிக்கும் சொல்லிவிட்டான். அண்ணை காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அது ஓடும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை அக்கா எங்கள் கதவைத் தட்டினார்.

"சப்பாத்தைப் போடு பிள்ளை. வெளிக்கிடு."

"எங்க அக்கா?"

"வா."

ஜீப்பில் ஏறிய பிறகும் சொல்லவில்லை. எசெக்ஸ் பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு பழைய வாகன யார்ட்டில் போய் நின்றோம். சேற்றுச் சப்பாத்தோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். அவருக்குப் பின்னால் கரும்பச்சை நிறத்தில் ஒரு அமெரிக்க பெட்ரோல் பிக்கப் நின்றது. எங்கள் தெருவில் அந்த நீளத்துக்கு வாகனம் ஒன்று நின்றதை நான் பார்த்ததில்லை. முன்பு வைத்திருந்தவர் அதில் குதிரை ஏற்றுகிற டிரெய்லர் இழுத்தவராம். பின்தட்டில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

கிழவர் அக்காவையும் பிக்கப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ஸ்டியரிங் இடப்பக்கம் அம்மா. உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"யா, தெரியும்," என்றார் அக்கா. அவருடைய ஆங்கிலத்தில் ஜேர்மன் எப்போதும் எட்டிப் பார்க்கும். "அந்தப் பக்கத்தில்தான் நான் பழகினேன்."

வயல் ஒழுங்கையில் ஓடிப் பார்க்கப் போனோம். நான் வலப்பக்கம் ஏறினேன், எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லாதது ஒருமாதிரி இருந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது. கை தேடாமல் போய்க் கியர்த் தடியைப் பிடித்தது. இத்தனை வருடத்தில் நான் பார்க்காத ஒரு முகம். யாரோ இருபது வயதுப் பெண் ஓடிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

ஜீப்பைக் கொடுத்து, மேலதிகக் காசும் கொடுத்து பிக்கப்பை எடுப்பதென்று முடிவானது. ஜீப் இனி லண்டனுக்குள் வராது, தூரத்தில் யாராவது பண்ணைக்காரன் வாங்குவான் என்றார் கிழவர். அக்கா ஜீப்புக்குள் கிடந்தவற்றை ஒரு பையில் எடுத்துப் போட்டார். அண்ணையின் கறுப்புக் கண்ணாடி, ஒரு துவாய், காகிதத்தில் மடித்த திருநீற்றுச் சரை, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் வாங்கிய சிறிய படம். எல்லாம் எடுத்து முடிந்தும் கதவை மூடவில்லை. ஓடுகிற இருக்கை அண்ணையின் முதுகுக்கும் இடுப்புக்கும் ஏற்றபடி பதிந்து போயிருந்தது. அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, அண்ணைக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"அது அண்ணையின்ர..."

"தெரியும். ஏறு."

அடுத்த நாள் காலை நான் முன்அறை ஜன்னலில் நின்றேன், வேறெங்கும் போகக் கால் வரவில்லை. அண்ணை தேத்தண்ணிப் போத்தலோடு வந்தார். ஜீப் நின்ற அதே இடத்தில்தான் பிக்கப் நின்றது. கையை நீட்டினார். கதவுப் பிடி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தகடு. கை இன்னும் போனது, தகடு முடியவில்லை. பின்தட்டு வரைக்கும் தடவிக்கொண்டே நடந்தார். திரும்பவும் முன்னுக்கு வந்தார். அக்கா வாசற்படியில் நின்றார்.

"எங்க அது?"

"குடுத்திட்டன்."

அண்ணை தகட்டிலிருந்து கையை எடுத்தார். போத்தலைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து பேச்சுச் சத்தமே எங்களுக்குக் கேட்கவில்லை. வானொலி மட்டும் கேட்டது. அவர் முன்அறையைவிட்டு வெளிக்கிடவில்லை. அக்கா சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். கேட்டால் "ம்" என்றார்.

ஒருநாள் நான் பிட்டு அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வீட்டில் இல்லை. அண்ணை தானாகவே கதைத்தார்.

"அது ஓடாதெண்டு எனக்குத் தெரியாதே பிள்ளை? அடியில கறள் உதிர்றது கையில பட்டது. இவ ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்." சற்றுப் பொறுத்து, "கண்ணும் போச்சு, ஓட்டமும் போச்சு. ஓம் எண்டு சொல்லுறது ஒண்டுதான் என்னட்ட மிச்சமாக் கிடந்தது. அதையும் கேக்கேல்லை," என்றார்.

எனக்கு அக்காவில் கோபம் கோபமாக வந்தது. அவர் வரும்வரை காத்திருந்து, பின்தோட்டத்தில் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் அண்ணை சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா தண்ணீர்க் குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் கிடாரத்தை நிரப்பி வழிந்தது.

"ஓம் எண்டுதான் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியாதே?" என்றார். "அந்த ஓமை நிண்டு கேக்க எனக்கு ஏலாது பிள்ளை. ஜேர்மனிக்கு வெளிக்கிடேக்க அம்மாட்டக் கேட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டனான். ஓம், போ எண்டா. அப்ப அவவின்ர முகம் இருந்த மாதிரி... பேந்து நான் அவவைக் காணவே இல்லை. அதுக்குப் பிறகு ஆரிட்டயும் ஒண்டும் கேக்கிறதில்லை."

பிறகு குனிந்து கிடாரத்தின் அடியை உரஞ்சத் தொடங்கிவிட்டார். அந்தக் கதையை மறுபடி அவர் எடுத்ததே இல்லை.

தொழில் எழும்பியது. பிக்கப் கதிரைகளையும் டிரெய்லரையும் ஒன்றாக இழுத்தது. ஆனால் அக்கா தனியே போய்வந்தார். மண்டபங்களின் வாகனத் தரிப்பிடங்களில் டிக்கெட் எடுக்கிற பெட்டி எப்போதும் வலப்பக்கம்தான் இருக்கும். அக்கா இருப்பதோ இடப்பக்கம். ஒவ்வொரு தடவையும் இறங்கி, அந்த நீள வாகனத்தைச் சுற்றி ஓடி, பொத்தானை அமத்தி, தடைக்கம்பு எழும்பித் திரும்ப இறங்க முன் ஓடி ஏறவேண்டும். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். முந்திப் போகவேண்டுமென்றால் வலப்பக்கம் என்ன வருகிறதென்று தெரியாது. இதையெல்லாம் ஒருநாள் உதவிக்குப் போனபோது நான்தான் கண்டேன். கண்டதை அண்ணையிடம் சொன்னேன். அவர் வானொலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அக்கா கயிற்றுச் சுருளோடு வெளியே வந்தபோது, பிக்கப்பின் வலப்பக்கக் கதவு திறந்து கிடந்தது. அந்த உயரத்துக்கு எப்படி ஏறினாரோ, அண்ணை உள்ளே இருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டு, தலைசீவி, நல்ல சேர்ட் போட்டிருந்தார். அக்கா அப்படியே நின்றார். உதவிக்கு வந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"பெல்ட்டைப் போடுங்கோ," என்றார் கடைசியில்.

அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும்தான். தடைக்கு முன்னால் அக்கா "இப்ப" என்பார். அண்ணை கையை நீட்டித் தடவிப் பொத்தானை அமத்துவார், டிக்கெட்டை இழுத்தெடுப்பார். இங்கே சாரதி இருக்கிற பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வாகனம் தன்பாட்டில் போவதைக் கண்டு தெருவில் ஆட்கள் திகைத்து நிற்பார்கள். அண்ணைக்கு அது விளங்கும். கையைத் தூக்கி ஆட்டுவார்.

இடப்பக்க ஸ்டியரிங் உள்ள வாகனம் எடுத்தால் அண்ணை பழையபடி வலப்பக்கம் இருக்கலாம் என்று யோசித்துத்தான் எடுத்தீர்களா என்று நான் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "விசர்க்கதை கதையாத. மலிவாக் கிடைச்சுது," என்றார். அது உண்மைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த மாரிகாலத்துக்குள் அந்த வீட்டில் இன்னொரு காரியம் சொல்லாமல் நடந்தது. இந்தத் தடவை செய்தவர் அண்ணை. பிக்கப்பில் ஏற ஒரு இரும்புப் படி உண்டு. ஏறும்போது அதில் கால்விரல் அடிபட்டுக் கிழிந்திருக்கிறது. சீனி வியாதியில் காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் நோவும் இல்லை. சப்பாத்துக்குள் ஈரமாக இருப்பது கையில் பட்டிருக்கிறது. தானே துடைத்து, தானே துணி சுற்றி, சொக்ஸைப் போட்டு மறைத்துவிட்டார். மணம் வரத் தொடங்கியபோதுதான் அக்கா சொக்ஸை இழுத்துக் கழற்றிப் பார்த்தார். அவர் கத்தியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அக்கா கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். கட்டிலருகே நின்றுகொண்டு அக்கா கேட்டார்:

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னால் ஏற விடமாட்டீர்," என்றார் அண்ணை.

அக்கா கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் மெல்ல இருந்தார்.

டொக்டர் ஓர் இளம்பெண். அண்ணையை நேரே பார்த்துத்தான் கதைத்தார். விரலில் தொடங்கியது மேலே ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டும், எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து, ஆனால் முடிவு உங்களுடையது என்று நிதானமாகச் சொன்னார். யோசித்துச் சொல்லுங்கள் என்று திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

அண்ணை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "அவையிட்டச் சொல்லும். உமக்குச் சரியெண்டு படுறதைச் செய்யும். நீர் வழக்கமாச் செய்யிறது தானே."

அதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. களைப்புத்தான் கூடுதலாக இருந்தது.

நான் எழும்பி வெளியே போக வெளிக்கிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இல்லை," என்றார். "இதை நான் செய்யமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும். நான் கேக்கிறன். காலை எடுக்கட்டுமோ?"

அண்ணை முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். சாப்பாட்டு வண்டில் வந்து, திரை மூடியிருப்பதைக் கண்டு தாண்டிப் போனது. அக்கா அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலையைக் குனியவேண்டும் போலிருந்தது, குனிந்துவிட்டேன். அக்கா குனியவில்லை.

"ஓம்," என்றார் அண்ணை. "எடுக்கட்டும்."

அக்கா தலையாட்டினார். பிறகு அண்ணைக்கு அது தெரியாதே என்று நினைவு வந்தவர்போல், "கேட்டது," என்றார். அவருடைய நாடியிலிருந்து கண்ணீர் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

காலை எடுத்தார்கள். அண்ணை அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தார். நாங்கள் அதற்கிடையில் ஸ்ட்ரெதம் பக்கம் வீடு மாறிவிட்டோம். அண்ணையின் செத்தவீட்டுக்குப் போனபோது அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "சாப்பிட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒருநாள் போன் எடுத்தால் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. தமையனிடம் ஜேர்மனிக்கே போய்விட்டார் என்று ஒரு கலியாண வீட்டில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன்.

அவர்களை நினைக்கும்போது எனக்கு முன்னுக்கு வருவது செத்தவீடு அல்ல, அண்ணையை ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட நாள். ஆம்புலன்ஸில் கொண்டுபோய் விடுகிறோம் என்று நர்ஸ் சொன்னார். அண்ணை மாட்டேன் என்றுவிட்டார். பிக்கப்பில்தான் போவேன் என்றார். அக்கா கேட்டார், "ஏற ஏலுமோ உங்களுக்கு?" "ஏத்திவிடுங்கோ," என்றார் அண்ணை. என் கணவரும் ஒரு ஆஸ்பத்திரி ஊழியரும் சக்கர நாற்காலியிலிருந்து அவரைத் தூக்கி, மூச்சு வாங்க வாங்க அந்த வலப்பக்க இருக்கையில் ஏற்றினார்கள். இருந்ததும் அவர் கையால் தன் தொடையைத் தடவி, முழங்காலைத் தடவி, அதற்குக் கீழே வெறுமையைத் தடவினார். பிறகு கையை எடுத்துக் கதவின்மேல் வைத்துக்கொண்டார்.

மழை தூறத் தொடங்கியது. அக்கா மற்றப் பக்கம் ஏறி எஞ்சினைப் போட்டார். உடனே எடுக்கவில்லை. கண்ணாடி துடைப்பான் இரண்டு மூன்று தரம் போய்வந்தது. நான் அண்ணையின் பக்கம் திறந்திருந்த ஜன்னலருகே நின்றேன்.

"எங்க போறமெண்டு சொல்லட்டோ?" என்று கேட்டார் அக்கா.

அண்ணை தடவித் தடவிப் பெல்ட்டை எடுத்து மாட்டினார். அது கிளிக்கென்று பூட்டிய பிறகுதான் மறுமொழி சொன்னார்.

"வேண்டாம்," என்றார். "நீர் ஓடும்."